இடறிய இடம் வேறு, விழுந்த இடம் வேறு

2024 தொடக்கத்தில், பெரும் பணம் போட்டுக் கணினி வாங்கியவர்களிடமிருந்து ஒரே மாதிரியான புகார் வரத் தொடங்கியது. கேமைத் திறப்பார்கள். ஷேடர்கள் தயாராகின்றன என்று ஒரு கோடு திரையில் நகரும். பாதி வழியில் அது நின்று, சின்னதாக ஒரு பெட்டி எழும்பும்: வீடியோ மெமரி போதவில்லை. அவ்வளவுதான், கேம் மூடிக்கொள்ளும். ‘டெக்கன் 8’ என்ற சண்டை கேம் அந்த ஜனவரியில்தான் வெளியாகியிருந்தது. வாங்கியவர்களில் சிலர் முதல் குத்து விடுவதற்கு முன்பே டெஸ்க்டாப்புக்குத் திரும்பி வந்தார்கள். புகார் சொன்னவர்களில் 24 ஜிபி மெமரி கொண்ட ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வைத்திருந்தவர்களும் உண்டு. அன்றைக்குக் கடையில் கிடைத்த கேமிங் கார்டுகளில் அதைவிட அதிக மெமரி உள்ளது எதுவும் இல்லை. அதற்கே போதவில்லை என்றால் வேறு எதற்குப் போதும்?

பெட்டியில் எழுதியிருந்ததை நம்பியவர்கள் கார்டைப் பிடித்துக்கொண்டார்கள். டிரைவரை மாற்றினார்கள், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார்கள், கார்டையே கழற்றிக் கடைக்குத் திருப்பி அனுப்பினார்கள். கேமை உருவாக்கியவர்களுக்கும் வசவு விழுந்தது. ஏப்ரல் மாதம் ஆர்டிஎக்ஸ் கார்டுகளின் நிறுவனமான என்விடியா தன் பங்குக்கு, 13, 14ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர் வைத்திருந்து இந்தத் தொல்லை வந்தால் இன்டெலின் உதவிப் பக்கத்தைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டது. முதலில் கேட்டபோது பழியைத் தள்ளிவிடுவதுபோல இருந்தது. ஆனால் கார்டு உண்மையிலேயே நிரபராதி.

நடந்தது இது. அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்களில், திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம், எவ்வளவு வெளிச்சம் என்று கணக்கிடும் குட்டி நிரல்களான ஷேடர்கள் சுருக்கிக் கட்டிய பொதிகளாக வட்டில் இருக்கும். கேம் தொடங்கும்போது அவற்றை ஆயிரக்கணக்கில் பிரிக்க வேண்டும். பிரிப்பது ‘ஊடில்’ என்ற மென்பொருள். வேலை நடப்பது கிராஃபிக்ஸ் கார்டில் இல்லை, பிராசசரில். அதுவும் எல்லாக் கோர்களையும் ஒரே நேரத்தில் முடுக்கிவிட்டு. சுருக்கிய தரவுக்கு ஒரு குணம் உண்டு. சுருக்காத படத்தில் ஒரு பிட் மாறினால் ஒரு புள்ளியின் நிறம் லேசாக மாறும், யார் கண்ணிலும் படாது. சுருக்கிய பொதியைப் பிரிக்கும்போது ஒரு பிட் தப்பினால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் குப்பையாகிவிடும். அந்த இன்டெல் பிராசசர்களில் சில, உச்ச வேகத்தில் எப்போதாவது ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டன. பொதி பிரியவில்லை, ஷேடர் உருவாகவில்லை. ஏன் உருவாகவில்லை என்று எஞ்சினுக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தில் தோற்றால் காட்டுவதற்கு என்று எழுதி வைத்திருந்த வாசகம் ‘மெமரி போதவில்லை’. அதைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது.

ஊடிலை உருவாக்கிய ராட் கேம் டூல்ஸ் இதைக் கண்டறிந்து விளக்கமாகவே எழுதியது. பிழை எங்கள் நிரலில் இல்லை, வன்பொருளில். மதர்போர்டு அமைப்புகளில் பிராசசரின் வேகத்தைக் கொஞ்சம் தணித்தால் நின்றுவிடும் என்பது அதன் சாரம். தணித்துப் பார்த்தவர்களுக்கு நின்றது. ஜிப் பொதிகளைப் பிரிக்கும் வேறு மென்பொருள்களும் அதே கணினிகளில் தடுமாறியிருந்தன என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. பெரிய ஜிப் கோப்பு சேதம் என்று வரும், மறுபடி பிரித்தால் சரியாக வரும். அதை யாரும் பொருட்படுத்தியிருக்கவில்லை.

மூலக் காரணம் இன்னது என்று இன்டெல் ஜூலை 2024 இல்தான் சொன்னது. பிராசசருக்குள் இருக்கும் மைக்ரோகோடு, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, செப்டம்பரில் முழு விளக்கம். சிப்பின் எல்லாப் பகுதிகளையும் ஒரே தாளத்தில் இயக்கும் கடிகாரத் துடிப்பு ஒவ்வொரு கோருக்கும் கிளைகளாகப் பிரிந்து போகிறது. அந்தக் கிளைச் சுற்று, அதிக வோல்டேஜும் அதிக வெப்பமும் சேர்ந்தால் சீக்கிரம் மூப்படையும் விதத்தில் அமைந்திருந்தது. மூப்படைந்தால் துடிப்பின் ஏற்றமும் இறக்கமும் சமமாக இல்லாமல் ஒரு பக்கம் சாய்கின்றன. அதே வேகத்தில் ஓட முன்பைவிடக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படுகிறது. வாங்கிய புதிதில் ஒழுங்காக ஓடிய கணினி, சில மாதம் கழித்து யாரும் எதையும் மாற்றாமலேயே விழத் தொடங்கியதன் காரணம் இதுதான். திருத்தம் மேலும் கெடாமல் தடுக்கும். ஏற்கெனவே மூப்படைந்த சிப்பை இளமையாக்காது. அதனால் உத்தரவாதத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டித்து, கெட்ட சிப்புகளை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு விரிவாக இதைச் சொல்வதற்குக் காரணம், கேம் கிராஷ் ஆனால் நம்மில் பெரும்பாலோர் செய்வது திரையில் வந்த வாசகத்தை அப்படியே தேடிப் பார்த்து, முதலில் கிடைத்த பத்து யோசனைகளையும் வரிசையாகச் செய்வது. வாசகம் பொய் சொல்வதில்லை, ஆனால் அது விழுந்த இடத்தை மட்டுமே பார்த்த சாட்சி. இடறிய இடம் அதற்குப் பல லட்சம் கட்டளைகளுக்கு முன்னால் இருக்கலாம். வேறொரு சிப்பிலேயே இருக்கலாம்.

மிகச் சாதாரணமான பிழை எண்ணையே எடுத்துக்கொள்வோம். விண்டோஸில் சி என்று தொடங்கி ஆறு பூஜ்யங்களைத் தாண்டி 5 இல் முடியும் ஓர் எண்ணைக் கேம் ஆடுகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். தனக்குச் சொந்தமில்லாத மெமரி முகவரியை ஒரு நிரல் தொட முயன்றது என்பது அதன் பொருள். ஏன் தொட்டது என்பதற்கு ஆயிரம் விடைகள். நிரலாளர் ஒரு முகவரியை நிரப்ப மறந்திருக்கலாம். ராமில் ஒரு பிட் மாறி, சரியான முகவரி தவறானதாக ஆகியிருக்கலாம். இன்னொரு வகையும் உண்டு: நிரல் ஓரிடத்தை இனி வேண்டாம் என்று விண்டோஸிடம் ஒப்படைத்துவிட்டு, பிறகும் அதே இடத்துக்குப் போய்ப் படிக்கும். வீட்டைக் காலி செய்துவிட்டுப் பழைய சாவியோடு மறுபடி உள்ளே நுழைவது மாதிரி. புதுக் குடித்தனம் இன்னும் வராதவரை ஒன்றும் ஆகாது.

‘சிம்சிட்டி’ கேம் டாஸ் காலத்தில் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. டாஸில் அந்த இடத்துக்கு வேறு யாரும் வரமாட்டார்கள் என்பதால் பிழை வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95ஐச் சோதித்தபோது கேம் விழுந்தது. மைக்ரோசாஃப்ட்காரர்கள் அதைப் பிரித்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்து, சிம்சிட்டி ஓடுகிறது என்று தெரிந்தால் ஒப்படைத்த இடத்தை உடனே வேறு வேலைக்குக் கொடுக்காமல் வைத்திருக்கும்படி விண்டோஸையே மாற்றி எழுதினார்கள். புது விண்டோஸ் வாங்கி சிம்சிட்டி ஓடாவிட்டால் ஜனங்கள் விண்டோஸைத்தான் திட்டுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பழைய கேம் ஒன்று புதுக் கணினியில் விழுந்தால், புதிதாக முளைத்த பிழையாக அது இருக்க வேண்டியதில்லை. இருபது வருடமாக அதிர்ஷ்டத்தில் ஓடியதாகவும் இருக்கலாம்.

வன்பொருளின் பக்கத்தை முதலில் எண்ணிப் பார்த்தவர்களில் ‘கில்ட் வார்ஸ்’ கேமை உருவாக்கிய அரீனாநெட் நிறுவனத்தார் உண்டு. உலகெங்கிலுமிருந்து அவர்களுக்கு வந்த கிராஷ் அறிக்கைகளில் ஒரு பகுதி எந்தத் தர்க்கத்துக்கும் அடங்கவில்லை. நிரலை எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் விழ வழியே இல்லை. நிறுவனர்களில் ஒருவரான மைக் ஓப்ரையன் ஒரு காரியம் செய்தார். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நொடிக்குச் சில பத்து முறை, கொஞ்சம் மெமரியை எடுத்து, அதில் சில கணக்குகளைப் போட்டு, விடையை முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியலோடு ஒப்பிடும் சிறு சோதனையை உள்ளே வைத்தார். இரண்டும் இரண்டும் நாலுதானா என்று கணினியைக் கேட்டுக்கொண்டே இருக்கும் சோதனை. ஒழுங்கான கணினியில் அது ஒருபோதும் தோற்கக் கூடாது.

நூற்றில் ஒரு கணினி தோற்றது. அந்த நிறுவனத்தில் இருந்த பாட்ரிக் வயட் 2012 இல் இதை எழுதியிருக்கிறார். ஒரு நாளில் பத்து லட்சம் பேர் ஆடினால் அதில் பத்தாயிரம் பேரின் கணினிக்குக் கூட்டல் கழித்தலே நம்பகமில்லை என்று அர்த்தம். அந்தப் பத்தாயிரம் பேரின் அறிக்கையையும் நம் பிழை என்று நினைத்துத் துருவினால் நிரலாளர்களுக்கு வேறு வேலையே ஓடாது. எனவே சோதனை தோற்றால் கேம் தன்னை மூடிக்கொண்டு, உங்கள் வன்பொருளில் கோளாறு என்று விளக்கும் பக்கத்தைத் திறந்து காட்டியது. அதில் சொல்லப்பட்ட காரணங்கள் இன்றைக்கும் மாறவில்லை: நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டப்படும் பிராசசர், தவறான மெமரி அமைப்பு, பலம் போதாத பவர் சப்ளை, தூசி அடைத்து சூடேறிய கேபினெட்.

மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2005 இல் எழுதிய ஒரு சம்பவமும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. அவர்களுக்கு வந்த விண்டோஸ் கிராஷ் அறிக்கைகளில் சில, பிராசசருக்குள்ளேயே ஓர் எண்ணைப் பூஜ்யமாக்கும் கட்டளையில் விழுந்திருந்தன. அந்தக் கட்டளை மெமரியைத் தொடுவதே இல்லை. அது தோற்பதற்கு வழி கிடையாது. அனுப்பியவர்களைத் தொடர்புகொண்டு விசாரித்தால், பிராசசரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சிலருக்கு அது தெரியவே தெரியாது. கடைக்காரர் வேகம் குறைந்த சிப்பை மாட்டி, வேகத்தைக் கூட்டி, உயர்ந்த விலைக்கு விற்றிருந்தார்.

2011 இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் இதைப் பெரிய அளவில் எண்ணிப் பார்த்தார்கள். வீடுகளிலும் மேசைகளிலும் இருக்கும் சுமார் பத்து லட்சம் கணினிகளின் கிராஷ் பதிவுகள். எட்டு மாதத்தில் மொத்தம் 30 நாளுக்குக் குறையாமல் பிராசசர் வேலை செய்த கணினிகளில், பிராசசர் பக்கத்துக் கோளாறால் விழ 190இல் ஒரு வாய்ப்பு. இதில் என்னை உலுக்கியது அடுத்த எண்: அப்படி ஒருமுறை விழுந்த கணினி மறுபடி அதே காரணத்தால் விழும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. வேகத்தைக் கூட்டிய கணினிகள் அதிகம் விழுந்தன, குறைத்து ஓட்டியவை குறைவாக. ஒருமுறை மட்டும் விழுந்து பிறகு மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடினால் அதை மறந்துவிடலாம். அண்டவெளியிலிருந்து வரும் கதிரின் விளைவான துகள் ஒன்று பட்டே ராமில் ஒரு பிட் புரளக்கூடும். இரண்டாம் முறையும் விழுந்தால் அசட்டையாக இருக்கக் கூடாது.

கேம் மட்டும் விழுகிறது, மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது, அதனால் குறை கேமில்தான் என்பது பலரும் சொல்லும் வாதம். அதை ஏற்க முடியாது. கடிதம் தட்டுவதும் சினிமா பார்ப்பதும் கணினிக்கு ஓய்வு. பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு, ராம், வட்டு, பவர் சப்ளை ஐந்தையும் ஒரே நேரத்தில் மணிக்கணக்கில் கசக்கிப் பிழிவது வீட்டில் கேம் ஒன்றுதான். அதுவரை மறைந்திருந்த பலவீனம் எதுவானாலும் அங்கேதான் தலைகாட்டும்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? விழுந்த விதத்தைக் கவனிப்பதில். கேம் மட்டும் மறைந்து டெஸ்க்டாப் வந்தால் ஒன்று. திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பி, கேம் போயிருந்தால் வேறு. நீலத் திரை வந்தால் வேறு. நீலத் திரைகூட வராமல் யாரோ பிளக்கைப் பிடுங்கியதுபோல அணைந்தாலோ, அணைந்து தானே மீண்டும் எழுந்தாலோ அது முற்றிலும் வேறு கதை. விண்டோஸிலேயே ரிலையபிலிட்டி மானிட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. எந்தத் தேதியில் எது விழுந்தது, அதற்கு முந்தின நாள் என்ன புதிதாக நிறுவப்பட்டது என்று நாட்காட்டிபோலக் காட்டும். இவ்வளவு பயனுள்ள ஒன்றை மைக்ரோசாஃப்ட் ஏன் இப்படி ஒளித்து வைத்திருக்கிறது என்பது புரியவில்லை.

பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. ஒரே இடத்தில் விழுகிறதா, வெவ்வேறு இடங்களிலா? மூன்றாம் கட்டத்தில் அந்தக் கதவைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் விழுகிறது என்றால், நிரலின் பிழையோ சேதமான கோப்போ ஆக இருக்க வாய்ப்பு அதிகம். ஒருநாள் பத்து நிமிடத்தில், ஒருநாள் இரண்டு மணி நேரத்தில், ஒருநாள் மெனுவில், ஒவ்வொரு முறையும் வேறு பிழை எண்ணோடு, வேறு வேறு கேம்களிலும் விழுகிறது என்றால் கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது.

முதல் வகைக்கு மருந்து எளிது. கேமின் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி ஸ்டீமில் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டு, கெட்டதை மறுபடி இறக்கும். (சரிபார்த்த ஒவ்வொரு முறையும் புதிதாகச் சில கோப்புகள் கெட்டிருப்பதாக வந்தால், வட்டையோ ராமையோ சந்தேகிக்க வேண்டும்.) கிராஃபிக்ஸ் டிரைவரை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாம், அல்லது கடைசியாக ஒழுங்காக ஓடிய பழைய டிரைவருக்குப் போகலாம். எப்போதும் புதியதே நல்லது என்று ஒன்றும் இல்லை. கேமின் மேல் மிதக்கும் சாட் பெட்டிகள், ஃபேன் விளக்குகளுக்கு நிறம் கொடுக்கும் மென்பொருள்கள் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். கேமை மாற்றியமைக்கும் மாட்கள் போட்டிருந்தால் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருக்க வேண்டாம். பாதியை நிறுத்துங்கள், விழுவது நின்றால் குற்றவாளி நிறுத்திய பாதியில், நிற்காவிட்டால் மீதிப் பாதியில். 64 மாட்கள் இருந்தாலும் ஆறே சுற்றில் ஆளைப் பிடித்துவிடலாம், இரண்டு மாட்கள் ஒன்றோடொன்று சண்டை போடாதவரை.

மெமரி போதவில்லை என்ற வாசகம் உண்மையாகவே இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. 2011 இல் வந்த ‘ஸ்கைரிம்’ 32 பிட் நிரல். அந்த வகை நிரலுக்கு விண்டோஸ் இயல்பாகக் கொடுப்பது 2 ஜிபி முகவரி இடம். கணினியில் 32 ஜிபி ராம் இருந்தாலும் அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. அந்த டிசம்பரில் வந்த திருத்தம் அதை 4 ஜிபிக்கு உயர்த்தியது. மாட்களைக் குவித்தவர்களுக்கு அதுவும் போதாமல், 2016 இல் 64 பிட் பதிப்பு வந்த பிறகுதான் நிம்மதி. இன்னொரு சந்தர்ப்பம் நாமே வரவழைத்துக்கொள்வது: எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பயந்து, ராமுக்குத் துணையாக விண்டோஸ் வட்டில் வைத்திருக்கும் பேஜ் ஃபைலை நிறுத்திவிடுவது. கேம்கள் உடனே பயன்படுத்தப்போவதைவிட அதிக மெமரியை முன்கூட்டியே கேட்டு வைக்கும். தருவதாக வாக்களித்த மொத்தமும் ராமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவைத் தாண்ட விண்டோஸ் அனுமதிக்காது. பேஜ் ஃபைல் இல்லாவிட்டால், ராமில் இன்னும் சில ஜிபி காலியாகத் தெரியும்போதே மறுத்துவிடும். அதை விண்டோஸின் பொறுப்பிலேயே விட்டுவிடுவது நல்லது.

திரை கறுத்துத் திரும்பும் வகைக்கு வருவோம். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது. கார்டுக்குக் கொடுத்த வேலைக்கு 2 நொடிக்குள் பதில் வராவிட்டால், அது உறைந்துவிட்டதாக முடிவுகட்டி விண்டோஸ் கார்டையும் டிரைவரையும் மீட்டமைக்கும். கேம் அதற்குள் கார்டில் வைத்திருந்த எல்லாவற்றையும் இழந்து விழுந்திருக்கும். அந்த 2 நொடியை 10 ஆக்கிக்கொள்ள யோசனை சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அதனால் திரை உறைந்திருக்கும் நேரம்தான் கூடும். கார்டின் வேகத்தை 50 மெகாஹெர்ட்ஸ் குறைத்து, மின்வரம்பை 80 சதவீதமாக்கிப் பாருங்கள். கடைசிச் சொட்டு வேகத்துக்காகத் தொழிற்சாலையிலேயே முறுக்கிவிட்ட கார்டுகள் பல. 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 வந்த புதிதில், வேகம் 2 கிகாஹெர்ட்ஸை நெருங்கும்போது பல கார்டுகள் கேமைக் கீழே போட்டன. அந்த மாதமே வந்த டிரைவர் திருத்தத்தோடு பெரும்பாலும் அடங்கியது. குறைத்து ஓட்டினால் விழவில்லை என்றால் இடம் தெரிந்துவிட்டது.

பிளக்கைப் பிடுங்கியதுபோல அணைவதற்குப் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளைதான் காரணம். 300 வாட் என்று அட்டையில் போட்ட கிராஃபிக்ஸ் கார்டு எப்போதும் 300 வாட் இழுப்பதில்லை. ஒரு வெடிப்புக் காட்சி வந்த கணத்தில், மில்லி நொடிக்கும் குறைவான நேரத்துக்கு, அதன் இரண்டு மடங்கையும் எட்டிப் பார்க்கும். சராசரியை மட்டும் கூட்டிப் பார்த்து வாங்கிய எஸ்எம்பிஎஸ் அந்தத் துடிப்பைக் கோளாறு என்று எண்ணித் தன்னை அணைத்துக்கொள்ளும். 2022 இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, புதிய கார்டுகளுக்கான எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல இரு மடங்கை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான். நம்மூரில் பிராசசருக்கும் கார்டுக்கும் லட்சம் ரூபாய் கொடுத்துவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. யூபிஎஸ் வழியாக ஓட்டுகிறவர்கள் ஒருநாள் அது இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை.

ராம் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. டிடிஆர் 5 பெட்டியில் 6000 என்று பெரிதாகப் போட்டிருக்கும். அந்த வேகம் தானாக வருவதில்லை. மதர்போர்டின் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால்தான் வரும். இன்டெலும் ஏஎம்டியும் அதை நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவதாகவே கணக்கில் வைக்கின்றன. ராம் குச்சி அந்த வேகத்துக்குத் தகுதியானதாக இருக்கலாம். பிராசசருக்குள் இருக்கும் மெமரி கட்டுப்பாட்டுச் சுற்றும் மதர்போர்டும் அதைத் தாங்கும் என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. இரண்டுக்குப் பதில் நான்கு குச்சிகள் போட்டால் இன்னும் கடினம். காரணம் தெரியாத கிராஷ் என்றால் நான் சொல்லும் முதல் வேலை இதுதான்: அந்த அமைப்பை அணைத்துவிட்டு ஒரு வாரம் ஆடுங்கள். செலவு இல்லை, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அப்போதும் விழுந்தால் இரவு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராமை அந்த அமைப்பில் நம்பக் கூடாது.

வெப்பம் தனியாகக் குற்றவாளியாவது குறைவு, மற்றவர்களுக்கு உடந்தை. இன்றைய பிராசசர் 95, 100 டிகிரியை எட்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைச் சுற்றியிருக்கும் வோல்டேஜ் சுற்றுகளுக்கும் ராமுக்கும் எல்லா இடத்திலும் அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கூலர் எவ்வளவு பெரிதானாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே போகாது. ஏசி அறையில் 24 டிகிரியில் ஒழுங்காக ஓடுவது, மே மாதச் சென்னையில் 36 டிகிரி அறையில் ஓடும்போது உள்ளே எல்லாமே 12 டிகிரி கூடுதல். 2025 கோடையில் ஐரோப்பாவில் அனல் காற்று வீசியபோது, நாம் மேலே பார்த்த அதே இன்டெல் தலைமுறைக் கணினிகளிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் கிராஷ் அறிக்கைகள் குவிந்தன என்று மோசில்லா பொறியாளர் ஒருவர் சொன்னார். எந்த நாட்டில் வெயில் அதிகம் என்பதை அறிக்கைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம்போல இருந்ததாம்.

கடினமான சண்டைக் காட்சியில்தான் கார்டு அதிகம் உழைக்கும் என்பதும் தவறான எண்ணம். 2010 இல் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ வந்தபோது மெனுத் திரையில் சும்மா விட்டுவைத்த கணினிகள் சூடேறின. வரைய எளிதான திரை. தடுக்க வரம்பு இல்லாததால் கார்டு நொடிக்கு எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை வரைந்து தள்ளியது. 2021 ஜூலையில் அமேசானின் ‘நியூ வேர்ல்ட்’ சோதனைப் பதிப்பில் அதேபோல் நடந்து, விலை உயர்ந்த ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில நிரந்தரமாகவே செத்தன. தயாரித்த இவிஜிஏ நிறுவனம் பிரித்துப் பார்த்து, சால்டரிங் சரியில்லாத சில கார்டுகள் என்று சொல்லி மாற்றிக் கொடுத்தது. குறை கார்டில், அதை வெளிக்கொண்டு வந்தது கேம். ஃப்ரேம் எண்ணிக்கைக்கு 60 என்றோ 120 என்றோ வரம்பு போட்டுவிட்டு ஆடிப் பார்ப்பது, அதனால், காசில்லாத நல்ல சோதனை.

எந்தச் சோதனையானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிரைவரையும் பயாஸையும் ராம் வேகத்தையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டு, கிராஷ் நின்றுவிட்டது என்று மகிழ்ந்தால், எது நிறுத்தியது என்று தெரியாது. மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தால் மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாற்றிய பிறகு எவ்வளவு நேரம் ஆடிப் பார்ப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை விழுந்த கேம், மூன்று மணி நேரம் விழாமல் ஓடியது என்பதால் சரியாகிவிட்டதாகாது; எதுவுமே மாறாவிட்டாலும் அப்படி ஓட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. ஒன்பது மணி நேரம் ஓடினால் அது தற்செயலாக இருக்கும் வாய்ப்பு இருபதில் ஒன்று. நண்பரிடம் ராமையோ எஸ்எம்பிஎஸ்ஸையோ ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பது எந்த மென்பொருள் சோதனையையும்விட உறுதியானது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் பழுது பார்க்கிறவர்கள் பாதி நேரம் செய்வது அதைத்தான்.

இத்தனையும் பார்த்து, மற்ற கேம்கள் எல்லாம் சுத்தமாக ஓடி, இந்த ஒன்று மட்டும் அதே இடத்தில் விழுந்தால், இனி அது அவர்கள் பிழை. கேம் விழும்போது அந்த நொடியில் பிராசசருக்குள் இருந்த எண்கள், எந்தச் செயல்கூறு எதை அழைத்து அங்கே வந்து சேர்ந்தது என்ற சங்கிலி ஆகியவை டம்ப் என்ற கோப்பாகச் சேமிக்கப்படுவது உண்டு. உருவாக்கியவர்களிடம் சேரும் டம்புகளை விழுந்த முகவரிவாரியாகக் கணினியே குவித்து அடுக்கும். பெரிய குவியலை முதலில் எடுப்பார்கள். ஒற்றையாக நிற்பதைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. அனுப்பவா என்று கேட்கும் பெட்டியை எரிச்சலில் மூடிவிடாமல் ‘அனுப்பு’ என்பதை அழுத்துங்கள். தனியாக எழுதுவதாக இருந்தால் கேமின் பதிப்பு எண், டிரைவரின் பதிப்பு எண், எந்தக் கட்டத்தில் எதைச் செய்தபோது விழுந்தது, எக்ஸ்எம்பி அணைத்தும் விழுந்ததா என்ற நான்கையும் டம்ப் கோப்போடு சேர்த்து அனுப்பினால், மறுமுனையில் இருப்பவர் உங்கள் கணினியைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.